மூன்றாவது தாள்

— இஞ்சேருங்கோ, இது உங்கட கையெழுத்துத்தானே?

— எங்கால எடுத்தனீர்?

— கிருஷாந்த் தேத்தண்ணி குடிக்க வந்தவன். முகம் செத்துப்போய்க் கிடந்தது. என்னடா தம்பி எண்டு கேட்டன். "அந்தோனிதாசன் அண்ணை தந்தவர், நீங்களே வாசியுங்கோ அக்கா" எண்டு மேசையில வைச்சிட்டுப் போட்டான்.

— அது எங்கட ரீமின்ர பின்வரிசைக்கு எழுதினது. தேத்தண்ணியும் ரோல்ஸும் விக்கிற ஆக்களுக்கு எழுதினதில்லை. தாரும் செலின், ஃபைனல் தொடங்கப் பத்து நிமிசமும் இல்லை.

— தாறன். முதல் விளங்கப்படுத்துங்கோ பாப்பம். மூண்டு தாள் கிடக்கு.

— மூண்டு மட்ச், மூண்டு தாள். காலமை ஹ்விடோவ்ரேப் பெடியள் நிறைஞ்ச கொலிச். பின்னுக்கு நிண்டு பந்தை உயரத் தூக்கி அடிச்சிட்டு, நெடுவல் ஒருத்தனை ஓட விடுவாங்கள். நாங்கள் பத்து மீற்றர் கீழ இறங்கி நிண்டம், அவங்களுக்கு ஒண்டும் வாய்க்கேல்லை. மத்தியானம் ரண்டர்ஸ் பெடியளின்ர கொலிச். கட்டைப் பாஸ், சுத்திச் சுத்தி. ஆளுக்குப் பின்னால ஓடாதையுங்கோ, இடத்தைப் பிடிச்சு நில்லுங்கோ எண்டன். ரெண்டிலயும் ஒரு கோல் விடேல்லை, விளங்குதே?

— விளங்குது. ரெண்டு தாளில ஆட்டம் எழுதியிருக்கு. மூண்டாவதில ஆட்டத்தைக் காணேல்லை. எங்கட மகன் ஜெனுஷன்ர பேர்தான் கிடக்கு.

— ஃபைனலில எங்களுக்கு எதிரா நிக்கிற ரீமுக்கு அவன்தான் ஆட்டம். மற்றப் பத்துப்பேரும் அவனுக்குப் பந்து குடுக்கத்தான் நிக்கிறாங்கள்.

— "இடதுபக்கம் திருப்பு. இடது முழங்கால் ஒரு செக்கன் பிந்தும். அந்த நேரம் அதுக்கு மேல விழு. பாதிநேரத்துக்கு முந்தி அவன் வெளியில போகவேணும்." இந்தச் செக்கன் கணக்கு ஆருக்குத் தெரியும்?

— பாக்கிற ஆருக்கும் தெரியும்.

— இல்லை. டொக்டருக்குத் தெரியும், அதுக்குப் பிறகு உங்களுக்குத்தான் தெரியும். முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு பன்னிரண்டு கிழமை நீங்கள்தானே ஃபிஸியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனனீங்கள். கண்ணாடிக்கு வெளியில நிண்டு அவன்ர காலையே பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். இப்பிடியொரு தகப்பனோ எண்டு நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினன்.

— நானோ அவனை அங்கால போகச் சொன்னனான்? தகப்பன் ஊரில படிச்ச கொலிச்சுக்குத்தான் பிள்ளையள் விளையாடுறது. டென்மார்க்கில இந்தப் பழைய மாணவர் கப் தொடங்கின நாள்தொட்டு ஒருத்தன் மாறினதில்லை.

— போன வருசம் ஃபைனல் முழுக்க அவனை வாங்கில இருத்தினது ஆர்?

— கால் சரிவரேல்லை. கோச்சர் நான். மகன் எண்டு இறக்கினா சனம் என்ன கதைக்கும்?

— கால் பாவம் எண்டுதான் இருத்தினன் எண்டு அவனுக்குச் சொன்னனீங்களோ?

— சொல்ல விட்டவனே? முப்பது பேர் பாத்திருக்கப் கொலிச் பெனியனைக் கழட்டி எறிஞ்சான். உங்கட கொலிச் எனக்கு ஒரு பெனியன் மட்டுந்தானாம். அதையும் டேனிஷில. பிறகு ஆரோ ஒரு கள்ளன், தாய்வழிக் கொலிச்சுக்கும் விளையாடலாம் எண்டு சட்டத்தைக் கிண்டி எடுத்து, உம்மட அண்ணற்ற கொலிச்சில அவனைப் பதிஞ்சு விட்டிட்டான்.

— கள்ளனில்லை. அந்தப் பத்திரத்தில கையெழுத்து வைச்சது நான்.

— நீரோ?

— ஓம். அவன் பந்தைத் தொடாமல் கிடந்தான். உங்களோடயும் கதைக்கேல்லை. மைதானத்திலயாவது ஆளையாள் பாப்பியள் எண்டு நினைச்சன்.

— நல்லாப் பாக்கிறம்.

— அவன் கூரைவேலை செய்யிறவன். ஏணியில ஏறிச் சீவிக்கிற பிள்ளை. கிருஷாந்தைக் கூப்பிட்டு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

— நீர் போய் உம்மட மகனிட்டச் சொல்லும், கவனமா விளையாடு எண்டு.

— என்னெண்டு சொல்ல? உன்ர அப்பா இப்பிடி எழுதிக் குடுத்திருக்கிறார் எண்டோ? எனக்கு வாய் வரேல்லை. அதுதான் உங்களிட்ட வந்தனான்.

— பெடியளுக்குச் சொன்னதை இப்ப போய் விழுங்கேலாது. ஏன் பதறுறீர்? முழங்காலில தடிச்ச பட்டி கட்டித்தானே விளையாடுறவன். அடி விழுந்தாலும் பட்டியிலதான் விழும். பயந்து வெளியில போவான், அவ்வளவுதான். பட்டி இல்லாட்டி நான் இதை எழுதியிருப்பனே? அந்தா, விசில் ஊதியாச்சு. தள்ளும், மறைக்காதையும்.

— தள்ளிட்டன். அவன்ர இடது காலை வடிவாப் பாருங்கோ.

— பட்டி எங்க? செலின், பட்டி எங்க?

— என்ர பைக்குள்ள. இதோட ஓடேலாமக் கிடக்கு எண்டு கழட்டித் தந்தவன். அங்கால நிக்கிறது அப்பான்ர ரீம், கட்டிக்கொண்டு போ எண்டன். எதுக்கும் டேனிஷில மறுமொழி சொல்லுற பிள்ளை, தமிழில சொன்னவன்: "அப்பா நிக்கிறபடியாத்தான் அம்மா கழட்டுறன். அவர் என்ர காலை ஒருத்தரும் தொட விடமாட்டார்."