இரண்டும் வெள்ளை

அரளிப்பூ பறிக்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும் சார். காம்பில் வடியும் பால் கையில் ஒட்டினால் உடனே கழுவிவிட வேண்டும். நான் எப்போதும் கழுவிவிடுவேன்.

என் பெயர் அருள்செல்வன். பெருமாநல்லூர் பக்கம் அரசாங்கம் பின்னலாடைப் பூங்கா கட்டப் போகிறது, உங்களுக்கே தெரியும். அதற்காக எங்கள் தெருவை எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர்களிடம் நயமாகப் பேசிக் காலி செய்யவைக்க உள்ளூர் ஆள் ஒருவன் தேவைப்பட்டான். நயமாகப் பேச எனக்கு நன்றாக வரும். வேலை முடிந்தால் பூங்காவின் கேன்டீன் எனக்கு என்று பேச்சு. அந்தக் கேன்டீனை மனதுக்குள் பலமுறை கட்டிப் பார்த்துவிட்டேன். நீல நிற மேசைகள், ஜன்னலில் காற்று, ஷிஃப்ட் முடிந்து கூந்தலில் பஞ்சுத் தூசியோடு சிரித்தபடி வரும் பெண்கள். யாருக்கும் கெடுதல் இல்லாத கனவு.

தெருவே கிளம்பிவிட்டது. மருதாசலம் மாமா மட்டும் கிளம்பவில்லை. என் அம்மாவின் அண்ணன். முன்னறையில் ஓவர்லாக் மிஷின் போட்டு பனியன் தைப்பவர். நான் போனால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்.

"ஏனுங்க மாப்ள, இன்னைக்கு கவருமெண்டா வந்தீங்களா, மருமகனா வந்தீங்களா?"

"மருமகனாத்தானுங்க மாமா."

"அப்பச் சாப்புட்டுப் போங்க. கவருமெண்டுக்கு இந்த ஊட்டுல பச்சைத் தண்ணி கெடையாது."

"கவருமெண்டு நேத்து ஆறு தோசை தின்னுட்டுத்தான் போச்சு" என்று செல்லாத்தாள் அத்தை உள்ளேயிருந்து சொல்வார். நல்ல மனிதர்கள் சார். எனக்கு அவர்கள்மேல் எந்தக் கோபமும் கிடையாது.

ஒருநாள் மாமாவே சொன்னார், முருகனிடம் பூக் கேட்கிறேன் என்று. எங்கள் சனத்தில் பெரிய காரியம் எதுவும் பூக் கேட்காமல் நடக்காது. ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டி சாமி காலடியில் வைப்பார்கள். கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, மனதுக்குள்தான் கேட்க வேண்டும். எடுத்துப் பிரித்ததில் வெள்ளை இருந்தால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம்.

அன்று கோயிலில் நல்ல கூட்டம். பூசாரிக்குக் கை ஒழியவில்லை. நானே பறித்துக் கட்டித் தருகிறேன் என்றேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைத்தேன். முருகனுக்கு ஒரு சின்ன ஒத்தாசை, அவ்வளவுதான்.

அத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. மாமா வெகுநேரம் கண்மூடி நின்றார். அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் சாமான்களையும் அத்தையையும் வேனில் ஏற்றி வாடகை வீட்டுக்கு அனுப்பினார். தையல் மிஷினுக்கு நான் ஒரு கை கொடுத்தேன். வேன் திரும்பி மறைந்தது.

"நீங்க போகலீங்களா மாமா?"

"நான் எங்கீங்க போறது? ஊட்டைக் குடுக்கட்டுமான்னு நான் கேக்கலீங்க மாப்ள. இங்கயே இருந்து, இது இடியறப்ப இதோடவே முடிஞ்சுக்கட்டுமான்னு கேட்டேன். சரின்னுட்டானே." பிறகு என் தோளைத் தட்டினார். "அத்தைகிட்டச் சொல்லிப்போடாதீங்க. நாளைக்கு வாரேன்னு சொல்லியிருக்கறன்."

இரண்டுமே வெள்ளை மாமா என்று நான் சொல்லியிருக்கலாம். யோசித்தேன். சொன்னால் மறுபடி கோயில், மறுபடி பூ, மாதக்கணக்கில் இழுக்கும். அடிக்கல் நாட்டு விழாவுக்குப் பந்தல்காரன்கூட வந்துவிட்டான். தவிர, அவ்வளவு நிம்மதியாக இருப்பவரிடம் போய் அதைச் சொல்வது நாகரிகமாகப் படவில்லை.

காலையில் இடிக்கும் வண்டி வந்தது. ஓட்டுபவன் முனீஸ், விருதுநகர்ப் பக்கத்து ஆள், பொறுப்பானவன். முன்கதவில் பூட்டுத் தொங்கியது. நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஊதுபத்தி வாசம் வந்தது. படியில் மாமாவின் தோல் செருப்பு, ஜோடி கலையாமல். அதை எடுத்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். முனீஸ் பார்த்தால் வீணாகக் குழம்புவான்.

"அண்ணே, உள்ள ஆளு யாரும் இல்லைல்லா?"

"காலிங்க. பின்னாடி போய்ப் பாத்துட்டேன்."

"எதுக்கும் ஒரு சத்தம் குடுத்துப் பாப்பமா? போன வாட்டி ஒரு பூனை குட்டி போட்டுக் கெடந்துச்சு. ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல."

"கூப்பிட்டுப் பாத்தாச்சுங்க. பூனையும் இல்ல."

அவன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். பழைய சுவர், சுலபமாக விழுந்தது. தூசி வெயிலில் பொன்னாக மிதந்தது, பார்க்க அழகாகவே இருந்தது. அத்தை போன் செய்தார்.

"மாமன் இன்னும் வரலியே கண்ணு?"

"முருகன்கிட்டத்தான் போயிருக்காருங்க அத்தை" என்றேன். அதில் பொய் இல்லை.

இடிபாட்டை அள்ளும்போது மாமா கிடைத்தார், நீங்களே வந்து பார்த்துவிட்டீர்கள். முனீஸை விட்டுவிடுங்கள் சார், பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. இருக்கச் சொன்னது முருகன், இடித்தது வண்டி. நான் பூக் கட்டினேன், காலி என்று சொன்னேன். உள்ளே அவர் இருப்பது தெரிந்தேதான் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. மத்தியானம் கேன்டீன் விஷயமாக ஒருவரைப் பார்க்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் ஒரு தோல் செருப்பு விட்டிருக்கிறேன், யாரும் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாமாவுடையதுதான். எனக்கு அளவு சரியாக இருக்கிறது.