கீறல் விழாத கொக்கி

மனைவி: ...ஷூ போட்டாச்சு, தொப்பி போட்டாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. வாலு, கையைத் தூக்கு.

பெயின்டர்: நில்லு, நில்லு. என்னது அது?

மனைவி: பெல்ட். பை மாதிரி முதுகுல மாட்டிட்டா, இந்த வார் நம்ம கையில இருக்கும்.

பெயின்டர்: வாலுக்கே ஒரு வாலா?

மனைவி: சிரிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை. பஸ் ஸ்டாண்டுல கூட்டம் நெரியும்.

பெயின்டர்: அதுக்கு? ரெண்டு வயசுப் பொண்ணை நாய்க்குட்டி மாதிரி இழுத்துட்டுப் போறதா? என் தங்கச்சி வீட்டுல பார்த்தா மானம் போயிடும்.

மனைவி: மானம் போனா திரும்ப வாங்கிக்கலாம்.

பெயின்டர்: கையைப் புடிச்சிக்கிட்டா போதாதா?

மனைவி: வெண்ணெய் தடவின மாதிரி நழுவுறா. ஏன், நீங்க மட்டும் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கறப்ப பெல்ட் மாட்டலாமா?

பெயின்டர்: அது பதினோராவது மாடிம்மா. இது தரை.

மனைவி: தரையிலதான் வண்டி ஓடுது.

வாலு: டாட்டா போலாம்!

பெயின்டர்: போலாம்டா. அம்மா வாதாடி முடிக்கட்டும். வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் இவ.

மனைவி: போலீஸுக்கு. நேத்து உங்க வேலைப் பையைத் துவைக்க எடுத்தேன்.

பெயின்டர்: ...அதுக்கென்ன?

மனைவி: சட்டையில பெயின்ட். செருப்புல பெயின்ட். காதுக்குப் பின்னால கூட பெயின்ட். ஆறு மாசப் பழைய பெல்ட்டுல மட்டும் ஒரு சொட்டு இல்ல. கொக்கியில ஒரு கீறல் இல்ல.

பெயின்டர்: அது... துடைச்சு வைப்பேன்.

மனைவி: நீங்க? குடிச்ச டம்ளரைக் கழுவ மாட்டீங்க!

பெயின்டர்: குழந்தை முன்னாடி...

மனைவி: மாட்டறதே இல்ல. அப்படித்தானே?

பெயின்டர்: சாரத்துல நகர நகர கழட்டி மாட்டணும். வேலை ஓடாதும்மா. இது இருபது வருஷமா சாரம் ஏறின கால்... ஏய், அழறியா? சரி சரி, நாளையிலேர்ந்து மாட்டறேன்.

மனைவி: அதுக்கு மட்டும் இல்லங்க... நானும் ஒண்ணு மறைச்சிட்டேன்.

பெயின்டர்: என்ன?

மனைவி: வியாழக்கிழமை. உங்க சைட்டுக்கு எதிர்ல, மார்க்கெட் வாசல்ல. பையைத் தோள் மாத்த ஒரு நொடி இவ கையை விட்டேன். புறாவோ என்னமோ... அது பின்னாலயே ரோட்டுல ஓடிட்டா. வேன்காரன் பிரேக் போட்டான். ஒரு முழம்தாங்க இருந்துச்சு... திட்டுவீங்கன்னு சொல்லல.

பெயின்டர்: புறா இல்ல. சிவப்பு பலூன்.

மனைவி: ...உங்களுக்கு எப்படித் தெரியும்?

பெயின்டர்: மேலேர்ந்து பார்த்துட்டேன். கத்தினேன், உனக்குக் கேக்கல. எட்டிப் புடிக்கப் போனேன்... பதினோராவது மாடியிலேர்ந்து! இருபது வருஷக் கால் வழுக்கிடுச்சு. கையில ஒரு கம்பி சிக்கினதால இன்னைக்கு உன்கூட சண்டை போடறேன். வெள்ளியும் சனியும் மேல ஏறவே இல்ல. வயித்துவலின்னு சொல்லிட்டு கீழ கதவுக்குப் பெயின்ட் அடிச்சேன். இந்த பெல்ட்டுக்குச் சரின்னா ஏன்னு கேப்ப, நான் வழுக்கினதையும் சொல்லணுமேன்னுதான் இவ்வளவு வாயடிச்சேன்... கண்ணைத் துடை. வாலு, கையைத் தூக்கு. ம்... அந்த வாரை என் கையில குடும்மா. நாளைக்கு சாயங்காலம் நான் வந்ததும் கொக்கியை எடுத்துப் பாரு. கீறல் இருக்கும்.