ததேயு மக்ராத் விழ மறுத்தது தொடர்பாக

பெயர்: ஜெயனி டனிஸ்ரன். வயது: 44. முகவரி: வில்லரே, மொன்றியல். தொழில்: கார்தெறி, அதாவது குழந்தைகள் பராமரிப்பு நிலைய ஆசிரியை. சமயம்: கத்தோலிக்கம். சமயம் தேவையில்லை என்று அதிகாரி கூறினார். ஊர்ப் பொலிஸில் கேட்பார்கள் என்ற பழக்கத்தில் சொல்லிவிட்டேன், அது அப்படியே இருக்கட்டும்.

நான் தமிழில் கூற, மொழிபெயர்ப்பாளர் எழுதிக்கொள்கிறார்.

சந்தேகநபர் அருமைநாதன் டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பொதிகள் ஏற்றுபவர். முறைப்பாட்டாளர் றெனோல்ட் எங்கள் கோயிலின் பங்குச் சபைத் தலைவர். இருவரும் எனக்கு உறவினர் அல்லர், ஆனால் இருவர் வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறேன். அருமைநாதன் மீது தாக்குதல் வழக்குப் பதிவானால் அவருடைய விமான நிலைய அட்டை பறிக்கப்படும் என்பதையும், அட்டை இல்லாவிட்டால் வேலையும் இல்லை என்பதையும் அறிவேன். அறிந்துகொண்டே உண்மையைக் கூறுகிறேன்.

முறைப்பாட்டில் வரும் மூன்றாம் நபரான ததேயு மக்ராத்தின் தற்போதைய முகவரி என்னிடம் கேட்கப்பட்டது. அவர் இறந்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் அயர்லாந்திலிருந்து மரம் ஏற்றும் கப்பலொன்றில் வந்து, இப்போது எங்கள் கோயிலும் பெற்றோல் நிலையமும் இருக்கும் இடத்தில் காடு வெட்டி, உருளைக்கிழங்கு நட்டவர். மழைக்கு வண்டி புதைகிற பாதையைத் திருத்தக் கேட்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். அதன் பின்னர் சனங்கள் அவரையே அக்காலச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் எழுந்து பேசியது ஒரே ஒருமுறை, அதுவும் வடிகால் பற்றி. பாதை வந்தது. அந்தப் பாதையால் எல்லோரையும்விடப் பயன்பெற்ற மா ஆலைக்காரர் ஸ்ரோக்ஸ் என்பவர் அடுத்த தேர்தலில் நின்று அவரைத் தோற்கடித்தார். மக்ராத் உருளைக்கிழங்குக்குத் திரும்பினார். இவ்வளவும் நூலகத்தில் வாசித்து அறிந்தது.

இந்த வருடம் கோயில் மண்டபம் திருத்த வேலைக்காக மூடப்பட்டிருந்தது. நகராட்சி தன் மண்டபத்தை, இப்பகுதியின் வரலாற்றைக் காட்டும் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் தருவதாக அறிவித்தது. எங்கள் ஆட்களுக்கு வேண்டியிருந்தது மண்டபம். ஆகவே வழமையான செபஸ்தியார் நாட்டுக்கூத்துக்குப் பதிலாக மக்ராத் நாட்டுக்கூத்துப் போடுவதென்று முடிவாயிற்று. நாட்டுக்கூத்து என்பது அரசர்களும் புனிதர்களும் பாடி ஆடிப் போரிடும் எங்கள் மேடைக் கலை என்று அதிகாரிக்கு விளக்கினேன். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் யோசெப் என் பிரதியை வாசித்துவிட்டு, "பிள்ளை, எல்லாம் வடிவாய்த்தான் இருக்கு. சண்டை எங்கை?" என்று கேட்டார். தேர்தல்தான் சண்டை என்றேன். "வாக்குப் பெட்டியை வைச்சுக்கொண்டு என்னெண்டு ஆடுறது? முடியும் வாளும் இல்லாட்டிச் சனம் எழும்பிப் போயிடும்" என்றார். அதன் பின்னர் வேட்பாளர்கள் இருவருக்கும் முடியும் வாளும் வழங்கப்பட்டன. வாள் என்பது வெள்ளித்தாள் சுற்றிய மரச்சட்டம். முடிசூடிய ஒருவர் உருளைக்கிழங்கு நடுவது பொருந்தாது என்று நான் ஆட்சேபித்தேன். ஆட்சேபம் ஏற்கப்படவில்லை.

மக்ராத்தாக அருமைநாதனும் ஸ்ரோக்ஸாக றெனோல்ட்டும் தெரிவானார்கள். சென்ற கார்த்திகையில் பங்குச் சபைத் தலைவர் பதவிக்கு இவர்கள் இருவருமே போட்டியிட்டு, றெனோல்ட் வென்றிருந்தார். இருவரையும் மேடையில் எதிரெதிரே நிறுத்தியது தற்செயல் என்று யோசெப் கூறுகிறார்.

ஒத்திகைகளில் அருமைநாதன் விழவேண்டிய இடத்தில் ஒழுங்காக விழுந்தார். விழுந்து கிடந்தபடியே, "காடு வெட்டினது நான், றோட்டுக் கொண்டுவந்தது நான். இவர் சும்மா இருந்து மா அரைச்சவர்" என்று சொல்வார். கோயிலுக்கு வாகனத் தரிப்பிடம் பெற்றுக் கொடுத்தவரும் அருமைநாதன்தான். அவர் மக்ராத்துக்காகப் பேசினாரா, தமக்காகப் பேசினாரா என்று நான் யோசித்ததுண்டு. யாரிடமும் கேட்கவில்லை.

சென்ற சனிக்கிழமை மாலை மண்டபம் நிறைந்திருந்தது. கூத்தின் நடுவே மேடையேறி, பிடித்த நடிகருக்கு மாலை போடுவது எங்கள் வழக்கம். அருமைநாதனின் உறவினர்கள் ரொறன்ரோவிலிருந்து வாடகை வான் பிடித்து மாலைகளுடன் வந்திருந்தனர். றெனோல்ட்டுக்கு விழுந்தது ஒரு மாலை. அதைப் போட்டவர் அவருடைய மனைவி ஷெரோன். அருமைநாதனுக்கு மாலைகள் நாடி வரை ஏறின. முடியோ அவர் தலைக்குப் பெரியது. மாலைகள் மேலே ஏற, முடி கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அதன் பின்னர் இருவரும் வாட்போர் ஆடினர். பிற்பாட்டுக்காரர் "தோற்றானே மக்ராத்து, துவண்டு விழுந்தானே" என்ற அடியைப் பாடினர். அருமைநாதன் விழவில்லை. யோசெப் மீண்டும் பாடச் சொன்னார். விழவில்லை. பாடகர்கள் தோற்றானே, தோற்றானே என்று பாடிக்கொண்டிருக்க, அருமைநாதன் மேடையைச் சுற்றிச் சுற்றி ஆடினார்.

யோசெப் மத்தளத்தை நிறுத்தாமலே, "விழடாப்பா" என்றார். மூன்றாம் வரிசையில் இருந்த எனக்கு அது கேட்டது.

றெனோல்ட், "அருமையண்ணை, விழுங்கோ. எனக்கு மூச்சு வாங்குது" என்றார்.

"அப்ப நீ விழு. ஆர் விழவேணும் எண்டு சனத்திட்டைக் கேட்டுப் பார்."

சனம் கைதட்டியது. அதன் பின்னர் றெனோல்ட் அவருடைய தோளைப் பிடித்துக் கீழே அமுக்கினார். அமுக்கியதில் முடி கண்களை முற்றாக மூடியது. அருமைநாதன் வாளைச் சுழற்ற, அது றெனோல்ட்டின் நெற்றியில் பட்டது. றெனோல்ட் விழுந்தார். மண்டபமே எழுந்து ஆரவாரித்தது. நகராட்சியிலிருந்து வந்த பெண்மணியும் எழுந்து நின்று கைதட்டினார். மக்ராத் வென்றதாகவே அவர் அறிக்கை அனுப்பியிருக்கக்கூடும், அதைத் திருத்தவேண்டும்.

நான் பனிக்கட்டி எடுத்துக்கொண்டு ஒப்பனை அறைக்குப் போனபோது றெனோல்ட் பொலிஸுக்குத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். தம்மை ஒருவர் வாளால் வெட்டியதாகவும், தாம் முறைப்படி வென்ற தொகுதியைப் பறித்துவிட்டதாகவும் பிரெஞ்சில் கூறினார். அதிகாரிகள் வந்தபோது இருவரும் முடியும் சரிகைச் சட்டையுமாக நடைபாதைப் பனியில் நின்று வாதாடிக்கொண்டிருந்தனர். நெற்றியில் வீக்கம் இருந்தது. இரத்தம் இல்லை.

முறைப்பாட்டை மீளப் பெற முடியுமா என்று நான் றெனோல்ட்டிடம் கேட்டேன். "அவர் விழட்டும், நான் விடுறன்" என்றார்.

அருமைநாதன், "அட்டை போனாப் போகட்டும். விழமாட்டன்" என்றார்.

அப்போது அவருடைய மனைவி அக்னெஸ் வெளியே வந்தார். "நாளைக்கு விடிய டோர்வலுக்கு ஆர் போறது, மக்ராத்தோ? உள்ளுக்கை வாங்கோ. வந்து விழுங்கோ" என்றார்.

அதன் பின்னர் அதிகாரிகள் இருவர் முன்னிலையிலும் இறுதிக் காட்சி மீண்டும் ஆடப்பட்டது. இம்முறை அருமைநாதன் முழந்தாளிட்டு, முடியைக் கழற்றித் தரையில் வைத்து, மாலைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். இடுப்பில் செருகியிருந்த உருளைக்கிழங்கை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு, பக்கவாட்டில் மெதுவாகச் சாய்ந்தார். இது என் பிரதியில் இல்லை, யோசெப் பழக்கியதும் இல்லை. பாடகர்கள் பாட மறந்தார்கள். ஷெரோன் அழுதார். சனம் மேடையேறி, விழுந்து கிடந்தவருக்கு மாலை போட்டது. வெற்றி பெற்ற றெனோல்ட் வாளை உயர்த்தியபடி தனியே நின்றார். அவரை யாரும் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் கை வலித்திருக்கவேண்டும், வாளை இறக்கினார்.

"இது சரிவராது. அடுத்த வருசம் நான்தான் மக்ராத்" என்றார். பின்னர் அதிகாரிகளிடம் போய் முறைப்பாட்டை மீளப் பெறுவதாகக் கூறினார். திறந்த கோப்பை வழக்குத்தொடுநர்தான் மூட முடியும் என்றும், இரு தரப்பையும் சாராத ஒருவரின் வாக்குமூலம் தேவை என்றும் அதிகாரி கூறியதால் இங்கு வந்திருக்கிறேன்.

அடி வேண்டுமென்று அடிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு என் பதில்: முடி கண்ணை மூடிய பின்னரே வாள் சுழன்றது. அந்த முடியைக் கையோடு கொண்டு வந்தேன். அதிகாரி விரும்பி அணிந்து பார்த்தார். கதவு எந்தப் பக்கம் என்று கேட்டபோது அவர் அலுமாரியைக் காட்டினார்.

அன்று அருமைநாதன் வேண்டுமென்று செய்தவை இரண்டு. ஒன்று, விழாமல் நின்றது. மற்றது, பிறகு விழுந்தது. இடையில் பட்ட அடி அவர் அறியாமல் பட்டது.

எழுதியதை மொழிபெயர்ப்பாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் கண்டதும் கேட்டதும், நூலகத்தில் வாசித்ததும் தவிர இதில் வேறெதுவும் இல்லை என்று உறுதிகூறி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஜெ. டனிஸ்ரன்