கையெழுத்துக்கு ஒரு அப்பா

— இன்னொரு தடவை சொல்லுங்க வக்கீல் மேடம். என் காதுல சரியாத்தான் விழுந்துச்சான்னு பாக்குறேன்.

— பாருங்க செம்மொழி. புள்ளையைத் தத்துக் கொடுக்கணும்னா பெத்த தகப்பன் சம்மதம் வேணும். மூணு சமயத்துல மட்டும் வேணாம். அவரு சந்நியாசம் வாங்கியிருக்கணும். இல்ல, மதம் மாறியிருக்கணும். அதுவும் இல்லாட்டி, புத்தி சரியில்லாதவருன்னு கோர்ட்டு சொல்லியிருக்கணும்.

— வயித்துல அஞ்சு மாசத்தோட என்னை விட்டுட்டுச் சிங்கப்பூருக்கு ஓடினாரே, அது இதுல வராதா?

— வராதும்மா.

— பதினொரு வருஷமா எட்டிப் பாக்காதது?

— அதுவும் வராது.

— அப்ப, காவி கட்டினா தகப்பன் இல்ல. கைவிட்டுட்டு ஓடினா மட்டும் தகப்பன்தான். நல்லா எழுதியிருக்காங்க மேடம். இதை எழுதினவங்க ஒருத்தராவது காய்ச்சல்ல கெடக்குற புள்ளைக்குக் கஞ்சி ஊட்டியிருப்பாங்களா? கேட்டிருந்தா நானே கும்பகோணத்துல நல்ல காவி வேட்டியா வாங்கி அனுப்பியிருப்பேனே!

— மெதுவாப் பேசுங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ் வராண்டா இது. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். எனக்குத்தான் விவாகரத்து ஆயிடுச்சே. அந்தக் கேஸுக்கு அந்த ஆளு ஒரு நாள்கூட கோர்ட்டுப் படி ஏறல. அன்னிக்கே தீர்ந்துச்சுன்னுல்ல இருந்தேன்.

— விவாகரத்துல புருஷன்தான் போவாரு செம்மொழி. தகப்பன் போக மாட்டாரு.

— வளத்த தகப்பன் உள்ள டோக்கனுக்கு நிக்கிறாரு, பாருங்க. இளவழகன் என்னைக் கட்டிக்கிட்டப்ப புள்ளைக்கு ரெண்டு வயசு. அன்னிலேருந்து அவரைத்தான் அப்பாங்குது. குடமுருட்டி ஆத்துல நீச்சல் சொல்லிக் கொடுத்தது அவரு. பல்லு ஆடினப்ப நூல் கட்டி இழுத்தது அவரு. பள்ளிக்கூடத்துல பேருக்கு முன்னாடி ‘இ’ன்னு எழுதினா, ஹெச்.எம். கூப்பிட்டு அழிச்சுட்டு ‘ரா’ போடுங்கிறாரு. இவ்வளவு நாளும் அழிச்சு அழிச்சு, போன வாரம் விடைத்தாளே ஓட்டையாப் போச்சு. வீட்டுக்கு வந்து ஒரே அழுகை.

— அதுக்குத்தானே வந்திருக்கோம். இன்னிக்குப் பதிவாயிட்டா, பெத்தவருக்குப் புள்ள மேல ஒரு உரிமையும் கிடையாது. பின்னாடி யாரு நெனச்சாலும் ரத்து பண்ண முடியாது.

— அந்த ஆளு கையெழுத்துப் போடணுமே. இருந்து பாருங்க, என் ரத்தம், என் வம்சம்னு ஆரம்பிப்பாரு. அதுக்கெல்லாம் பதில் யோசிச்சு வச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.

— அதோ பைக்கை நிறுத்துறாரே, அவரா?

— அவரேதான். சிங்கப்பூர்லேருந்து திரும்பி வந்து இப்ப நீடாமங்கலத்துப் பெரிய மனுஷன். மிஸ்டர் ராஜராஜன்.

— வணக்கம் மேடம். என்ன செம்மொழி, நல்லாயிருக்கியா? சட்டுபுட்டுன்னு முடிச்சு விடுங்க. வயல்ல அறுப்பு மிஷின் எறங்கி நிக்குது. இன்னிக்கு விட்டா மிஷின்காரன் அடுத்த ஊருக்கு ஓட்டிட்டுப் போயிடுவான்.

— பதினொரு வருஷம் கழிச்சு வந்து அறுப்பு மிஷினா?

— அதான் சொல்றேன், வாய் இன்னும் கொறையல ஒனக்கு.

— உக்காருங்க சார். நான் கமருன்னிஸா, செம்மொழியோட வக்கீல். பத்திரத்தை முழுசாப் படிச்சுட்டு—

— எதுக்குங்க? அதான் போன்லயே எல்லாம் சொல்லிட்டீங்களே. எங்க போடணும்?

— படிக்கணும் சார். ஒரு புள்ளையோட உங்களுக்கு இருக்கிற உறவையே எழுதிக் கொடுக்கிறீங்க.

— நிலம்னா படிப்பேன் மேடம். நாலு எல்லையும் பாப்பேன், வில்லங்கம் போட்டுப் பாப்பேன், பக்கத்து வயக்காரனைக்கூட விசாரிப்பேன். இதுல என்ன இருக்கு படிக்க?

— கேட்டீங்களா மேடம்? இந்தச் சம்மதத்துக்குத்தான் நாம இத்தனை நாள் அலைஞ்சோம்!

— இந்தா, நான் போடுறேன்னுதானே சொல்றேன்? போட மாட்டேன்னாத்தான் கோவப்படணும். போடுறேன்னாலும் கோவமா?

— கோவந்தான்! ஒரு சண்டையாவது போடுவீங்கன்னு நெனச்சேன். போட்டிருந்தா, சரி, அந்தப் புள்ளையை ஒரு நாளாவது நெனச்சிருக்காரு போலன்னு போயிருப்பேன். என்ன படிக்குது, எப்படியிருக்குன்னு ஒரு வார்த்தை வாயில வருதா? மிஷினுக்கு நேரமாச்சாம்!

— இங்க பாரு, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? நீ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்தப்ப எங்கம்மா வந்தாங்களே, தெரியுமா?

— தெரியும். எங்க தெருவைக் கண்டாலே மொகத்தைத் திருப்பிக்கிறவங்க, அன்னிக்கு மட்டும் தேடிக்கிட்டு வந்தாங்க.

— நான்தான் அனுப்பிச்சேன். ஆம்பளப் புள்ளையா இருந்தா கேஸு போட்டாவது தூக்கிட்டு வந்துடுறதுன்னு. வாசல்லயே ஒங்கம்மா சொல்லிட்டாங்களாம், பொட்டப்புள்ளன்னு. அப்படியே திரும்பிட்டாங்க. அதான் சொல்றேன், அதுக்கப்புறம் இங்க எனக்குப் பொறந்ததும் ரெண்டு பொட்டை. மூணாவதுக்கும் உரிமை கொண்டாடி நான் என்ன பண்ணப் போறேன்? நாளைக்கு எவனோ ஒருத்தன் பேரைப் போட்டுக்கிட்டுப் போகப் போறது.

— ராஜராஜன் சார், ஒரு நிமிஷம். அதுக்குத்தான் சொல்றேன், முதல் பக்கத்தையாவது படிங்க. இல்லாட்டி நான் வாசிக்கிறேன், கேளுங்க.

— அவருக்கு நேரம் இல்லையாம் மேடம். விடுங்க.

— நீங்க சும்மா இருங்க செம்மொழி. சார், பத்திரம் உங்க கையில இருக்கு. தமிழ்லதான் இருக்கு. பேரு, வயசு, விவரம் எல்லாம் முதல் பக்கத்துலயே இருக்கு. பாருங்க.

— ஐயோ, அடம் பிடிக்காதீங்க மேடம். இங்கயா? இங்கயும் ஒண்ணா? இந்தாங்க, எல்லாப் பக்கமும் ஆச்சு. உள்ள நம்மளத்தான் கூப்பிடுறாங்க போல, வாங்க.

*

— ரேகையும் வச்சாச்சு. முடிஞ்சுதுல்ல மேடம்?

— முடிஞ்சுது, பதிவாயிடுச்சு. படிச்சுப் பாத்துத்தான் சம்மதிச்சீங்களான்னு ரிஜிஸ்ட்ரார் கேட்டாரு. ஆமான்னீங்க.

— ஆமான்னாத்தானே அந்த ஆளு விடுவாரு. இனிமே என்னைக் கூப்பிட மாட்டீங்கல்ல?

— கூப்பிட வேண்டியதே இல்ல சார். நீங்களே வந்தாலும் ஒண்ணும் நடக்காது. இன்னிலேருந்து சட்டப்படி அந்தப் புள்ளைக்கு அப்பா இளவழகன்தான்.

— அப்பாடா. சரி, நான் கெளம்புறேன். செம்மொழி, கோவம் ஒண்ணும் இல்லியே?

— நெறைய இருக்கு. நீங்க போங்க, மிஷின் நிக்குது.

— போறேன், போறேன். சும்மா ஒண்ணு கேக்குறேன். புள்ளை யாரு ஜாடை? ஒன்னை மாதிரியா?

— உங்க ஜாடைதான். அதே நெத்தி, அதே காது. மீசைதான் அவனுக்கு இன்னும் மொளைக்கல.