பசை வாசம் போக ஒரு வாரம்

கார்ப்பெட் ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவசரத்தில்தான் வேலையைக் கெடுக்கிறார்கள். பலகையிலும் கார்ப்பெட்டின் முதுகிலும் பசையைத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. முப்பத்தொரு வருடமாக வண்டிகளுக்கு சீட் தைப்பதும் உள்ளே கார்ப்பெட் ஒட்டுவதும்தான் என் பிழைப்பு. காத்திருப்பது எனக்குக் கைவந்த கலை.

என் தங்கையின் மரணத்தை விசாரித்து நீங்கள் எழுதிய அறிக்கையை நேற்று எனக்குப் படிக்கக் கொடுத்தீர்கள். நல்ல மனிதர் நீங்கள். தேநீரும் வரவழைத்துத் தந்தீர்கள். ஆனால் மூன்றாம் பக்கத்தில் ‘கார்ப்பெட் ஒட்டியவரின் கவனக்குறைவு’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வரி தவறு. அதைத் திருத்தத்தான் காகிதம் கேட்டேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெற்றோர் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கு ஒன்பது. தலைவாரிப் பின்னல் போடுவதிலிருந்து எல்லாம் நான்தான் கற்றுக்கொண்டு செய்தேன். படிக்க வைத்தேன். தபால் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு வரன் பார்த்தேன். ஏழு பேர் வந்தார்கள். ஒருவன் சாப்பிடும்போது சத்தம் போட்டான். ஒருவனுடைய அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்த பார்வை சரியில்லை. இன்னொருவனுக்கு எல்லாம் சரியாக இருந்தது; அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஏழு பேரையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

மாப்பிள்ளையை வீட்டுக்குள் கொண்டுவந்தவனும் நான்தான் என்று சொல்லலாம். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், மனைவியை இழந்தவர், பழைய வேன் ஒன்றின் சீட் கிழிந்துவிட்டது என்று என் கடைக்கு வந்தார். அவள் எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரும் நேரம் அது. ஒரு சீட்டைத் தைக்க ஒருவர் நாலு முறை வந்து பார்க்கவேண்டியதில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்.

“அண்ணா, நான் அவரைக் கட்டிக்கப் போறேன். கேக்கல, சொல்றேன்.”

அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அடுத்த தெருவில்தானே இருக்கப்போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒரு வருடம் அப்படித்தான் போனது. தினமும் சாயங்காலம் வந்து என் துணிகளை மடித்து வைத்துவிட்டுப் போவாள்.

பிறகு மாப்பிள்ளை அந்த வேனில் கட்டில் போட்டார். அடுப்பு வைத்தார். முப்பது வருடம் ஒரே பாதையில் பஸ் ஓட்டியவருக்கு, பாதையே இல்லாமல் ஊர் ஊராகப் போகவேண்டுமாம். அவள் வேலையை விட்டாள். ஒரு வருடம் சுற்றிவிட்டு வருகிறோம் என்று என்னிடம் சொன்னார்கள். அவரிடம் அவள், பிடித்த இடம் கிடைத்தால் அங்கேயே இருந்துவிடலாம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். அவளுக்குத் தெரியாது.

கட்டிலுக்கு அடியில் வைக்க இழுப்பறைகளை மாப்பிள்ளையே வீட்டில் செய்தார். மனிதருக்கு ஆசை இருந்த அளவுக்குக் கை இல்லை. நேராக அறுக்கச் சொன்னால் ரம்பத்துக்கே கோபம் வரும். மூன்று இழுப்பறைகளில் இரண்டு கோணல். வண்டி நகர்ந்தால் பாத்திரக்கடையில் மாடு புகுந்த சத்தம். “மச்சான், உங்க கை பட்டாத்தான் இது உருப்படும்” என்று என்னிடம் கொண்டுவந்தார். உள்ளும் புறமும் கார்ப்பெட் ஒட்டினால் சத்தம் அடங்கும், கோணலும் தெரியாது. சாம்பல் நிறம் அவள் தேர்ந்தெடுத்தது. அழுக்குத் தெரியாது அண்ணா என்றாள்.

மூன்றாவது இழுப்பறையில்தான் கேஸ் சிலிண்டர் நிற்கும். மாப்பிள்ளை கோணல்காரர் என்றாலும் முட்டாள் இல்லை. கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில்தான் தேங்கும். அதனால் அந்த இழுப்பறையின் அடியிலும் அதற்கு நேர்கீழே வண்டியின் தரையிலும் ஒரு கையளவு ஓட்டை போட்டிருந்தார். கசிந்தாலும் அதன் வழியே வெளியே இறங்கிவிடும். மறந்துவிடக்கூடாது என்று ஓட்டையைச் சுற்றி சாக்பீஸால் வட்டமும் போட்டிருந்தார். நீங்கள் மேசைமேல் வைத்துக் காட்டிய கார்ப்பெட் துண்டின் முதுகில் பசையோடு ஒட்டியிருப்பது அந்த வட்டம்தான்.

எங்கள் தொழிலில் ஓட்டையை முதலில் வெட்டுவதில்லை. வெட்டிவிட்டு ஒட்டினால் இழுவையில் இடம் மாறிவிடும். முழுதாக ஒட்டி, காய்ந்த பிறகு மேலே விரலால் தடவிக்கொண்டே வருவோம். ஓட்டை இருக்கும் இடத்தில் விரல் அமுங்கும். அங்கே பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, நாலு மடிப்பையும் உள்ளே திருப்பி ஒட்டிவிடுவோம். இப்படி வெட்டவேண்டிய ஓட்டையை ஒருவன் மறந்துபோக வாய்ப்பு உண்டு. உங்கள் அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது.

அந்த வேனில் மொத்தம் பன்னிரண்டு ஓட்டைகள். கைப்பிடிகளுக்கு, விளக்குகளுக்கு, ஒயர்களுக்கு. பதினொன்றை வெட்டினேன். பன்னிரண்டாவதில் விரல் அமுங்கியது. பிளேடு இன்னொரு கையில்தான் இருந்தது. சிறிது நேரம் விரலை அங்கேயே வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் தூரிகையால் நீவிவிட்டேன். கார்ப்பெட்டின் இழையை நீவினால் பள்ளம் தெரியாது. முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு ஓட்டையைக்கூட மறந்ததில்லை. இதை எங்கே கேட்டாலும் சொல்வார்கள்.

சிலிண்டரின் ரப்பர் குழாயைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருந்தது என்று விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். அது தளர்ந்திருக்கவில்லை. அரைச் சுற்று நான் தளர்த்தினேன்.

என்னைக் கொடூரமானவனாக நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் செய்தேன். அவள் சின்ன வயதிலிருந்தே காலையில் எழுந்ததும் நடக்கப் போவாள். ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழுக்குத்தான் திரும்புவாள். அந்த நேரத்தில் அவர் அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போட்டு வைப்பார். அதை என்னிடம் பெருமையாகச் சொன்னவரே அவர்தான். நடந்து முடித்து வருவாள், அழுவாள், வீட்டுக்கு வருவாள். அவள் அறை அப்படியே இருந்தது. அவர்கள் கிளம்பிய அன்றைக்கே ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டேன். துக்கத்தோடு வருகிறவளுக்குச் சுத்தமான அறையாவது வேண்டாமா?

வழியனுப்பும்போது சொன்னேன்: புதுப் பசை, ஒரு வாரத்துக்கு வாசம் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இழுப்பறைகளை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒரு சின்னச் சத்தம் இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் போன் செய்தாள். ஏதோ ஒரு ஏரிக்கரையில் நிறுத்தியிருந்தார்களாம். தண்ணீரில் பறவைகள் இருப்பதாகச் சொன்னாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை என் வீட்டில் இருந்தவரை நான் கேட்டதில்லை. அது எனக்கு வலித்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு சொன்னாள்.

“புதுச் செருப்பு கடிச்சு கால்ல கொப்புளம் அண்ணா. ரெண்டு நாளா நடக்கவே போகல. அவர் போய்த் தண்ணி பிடிச்சிட்டு வர்றதுக்குள்ள நானே டீ போட்டுடறேன்.”

மருந்து போட்டாயா என்று மட்டும் கேட்டேன். போட்டேன் என்றாள்.

“அண்ணா, வண்டிக்குள்ள என்னமோ வாசம் வருது. கேஸ் மாதிரி இருக்கு. அவர், பசைதான்னு சொல்றார். நீங்க சொன்னாத்தான் எனக்கு நிம்மதி.”

நான் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே சாம்பல் கார்ப்பெட்டின் மிச்சச் சுருள் சுவரில் சாய்ந்திருந்தது. அவளுடைய மூச்சுச் சத்தம் போனில் கேட்டது. எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

“பசைதாம்மா. ஒரு வாரத்துல போயிடும். நிம்மதியா தூங்கு.”

“அப்பாடா” என்றாள். மறுநாள் காலை ஆறரை மணிக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை வாளியோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். அவளை வெளியே இழுத்ததில் அவருடைய இரண்டு கைகளும் வெந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கைகளை என் மடியில் வைத்துக்கொண்டு, “நான் செஞ்ச பெட்டிதான் மச்சான் அவளைக் கொன்னுடுச்சு” என்று அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பதினோரு நாளாக அவருக்குக் கஞ்சி ஊட்டுவது நான்தான். அவருக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? அவருடைய இழுப்பறைகள் கோணல்தான். ஆனால் ஓட்டையைச் சரியான இடத்தில் போட்டிருந்தார். அதை அவரிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். அவ்வளவு தீயிலும் அந்த இடத்தில் கார்ப்பெட் ஒரு ஓரம்கூடக் கிளம்பவில்லை என்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அன்றைக்குப் போனில் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். வண்டியை விட்டு இறங்கு என்று ஒரு வார்த்தை போதும். இறங்கியிருப்பாள்; என் பேச்சை அவள் தட்டியதில்லை. ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். கார்ப்பெட்டைக் கிழித்துப் பார்ப்பார்கள், வட்டம் தெரியும். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் அவள் என் முகத்தில் முழித்திருக்க மாட்டாள். என் தங்கையை அப்படி இழக்க எனக்கு மனம் வரவில்லை.