பொய் ஆள்

"நேத்து உங்க நைனா என்னை ரெண்டு வாட்டி சுட்டுட்டாருடா."

சத்தியவேட்டிலிருந்து சென்னை செல்லும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். இருவரும் சேர்ந்து உருவாக்கிய ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் பற்றித்தான் பேச்சு என்பது சற்றுக் கழித்தே புரிந்தது. மடியில் லேப்டாப் வைத்திருந்தவன், ஜன்னலோரம் இருந்தவனுக்குப் பதில் சொன்னான்.

"அப்ப ஆட ஆளே இல்ல. நம்மூருக்காரங்க பேர வெச்சு கம்ப்யூட்டர் ஆளுங்கள எறக்கினோம். இப்ப நெஜ ஆளுங்க வந்துக்கினே கீறாங்க. பொய் ஆளு எதுக்குன்னு திட்றானுங்க. எல்லாரையும் இன்னிக்கு கேம்லேந்து தூக்கிடப் போறேன்."

"நைனாவையுமா?"

"அவரு தவறி ஒரு வருசம் ஆவுதுடா."

"கோழியக்கூட அடிக்கத் தெரியாத மனுசன். அதுல மட்டும் என்னா ஓட்டம் ஓடறாரு."

"நாமதான்டா ஓட வெச்சோம்."

ஜன்னலோரம் இருந்தவன் கை நீட்டி லேப்டாப்பை மூடினான்.

"நாளைக்குத் தூக்கு. இன்னிக்கு நான் போய் அவரு எதிர்ல நிக்கறேன்."

"அவருக்கு உன்னைத் தெரியாதுடா. பார்த்ததும் சுட்டுடுவாரு."

"சுடட்டும்."