பானெட்டில் ஒரு கோலம்

கரமனையில் பஸ் ஏறிய இரண்டு மாமிகள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுமே ஜன்னலோர மாமி சொன்னாள்:

“கடைசியில நான் காரு மேலயே கோலம் போட்டுட்டேன்.”

“காரு மேலயா?”

“பின்னே? எதிராத்துக்காரர் காரை எடுக்கறதே இல்லை. எங்காத்து வாசல்ல கொண்டு நிறுத்தி வருஷம் ஒண்ணாச்சு. அவாத்து வாசல்ல நிறுத்தினா அவாத்து மாமிக்குக் கோலம் போட இடமிருக்காதாம். எனக்கு மட்டும் வேண்டாமா? தினம் விடியக்காலம்பற பானெட்டுல அரிசி மாவால போட்டேன். எறும்பு, அணில், காக்கா எல்லாம் வந்தாச்சு.”

“அவர் சும்மா இருந்தாரா?”

“‘என்ன மாமி, இது என் காரு’ன்னார். ‘காரு உங்களோடது, வாசல் என்னோடதாக்கும்’னேன்.”

“ஐயோ! அப்பறம்?”

“காரை எடுக்கப் பாத்தார், பேட்டரி செத்துக் கிடந்தது. தெருவே சேர்ந்து எதிர்த்தாப்பல தள்ளித்து. நானும் ஒரு கை கொடுத்தேன்.”

“இப்போ அவாத்து வாசல்ல நிக்கறதாக்கும்?”

“ஆமா. இன்னிக்கு என் வாசலை அடைச்சுப் பெரிய கோலமாப் போட்டுட்டு நிமிர்ந்து பாக்கறேன், எதிர்த்தாப்பல அவாத்து மாமி பானெட்டுல புள்ளி வச்சிண்டிருக்கா!”